போர்க்லிஃப்ட் பின்பக்கத்தால்தான் ஆளை அடிக்கும்

அறுவடைக்காலத்தில் இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கம் ஏதாவது ஒரு அரிசி மில்லுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே நெல் லொறி வரிசை, உள்ளே மூட்டை சுமக்கும் நாட்டாமைமார், தேத்தண்ணி கொண்டுவரும் பொடியன், நடுவில் மூட்டை தூக்கும் மெசினான போர்க்லிஃப்ட். எல்லாரும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

பயப்பட வேண்டியது பின்பக்கத்துக்கு. காரைப் போல இதில் முன்சக்கரம் திரும்புவதில்லை, பின்சக்கரம்தான் திரும்பும். அதனால் சாரதி இடப்பக்கம் ஒடித்தால் பின்பக்கம் சட்டென்று வலப்பக்கம் வீசும். இரண்டரை தொன் தூக்கும் மெசின் வெறுமையாகவே ஏறக்குறைய மூன்றரை, நாலு தொன் வரும், அந்தப் பாரத்தில் பெரும்பங்கு பின்னால்தான். எங்கள் ஸ்டோரில் ஒரு லொறிக் கிளீனர் தம்பி, மூட்டை அடுக்குக்கும் மெசினுக்கும் இடையில் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தான். மெசின் திரும்பியதும் அவன் சாரம் பின்முனையில் கொழுவிக் கிழிந்தது. தொடைக்கும் இரும்புக்கும் நாலு விரல் இடைவெளி.

அடுத்த தவறு வாசலில் நடப்பது. பன்னிரண்டு மணி வெயிலில் இருந்து இருட்டு ஸ்டோருக்குள் நுழைந்தால் சில விநாடிக்குக் கண் ஒன்றும் பிடிக்காது, சாரதிக்கும் அப்படித்தான். வாசலில் நிறுத்தி, ஹோர்ன் அடித்து, கண் தெளிந்த மறுகா உள்ளே போக வேண்டும். அதற்காக நாள் முழுக்க ஹோர்ன் அடிக்கவும் கூடாது. யானையை விரட்டப் போடும் யானை வெடிக்கு யானையே பழகிவிட்ட ஊர் இது, ஹோர்னுக்கு மனிதன் பழகமாட்டானா?

நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள், சீசன் வந்தால் அந்தக் கோட்டின் மேலேயே மூட்டை அடுக்குவார்கள், ஆட்கள் மெசின் ஓடும் பாதையில் நடப்பார்கள். கோட்டை விட ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு நல்லது. ஆட்களுக்கென்று தனிக் கதவு இருந்தால் இன்னும் நல்லது.

சுமை முன்னால் மறைத்தால் பின்பக்கமாக ஓட்டுங்கள். தரையில் இருந்து ஒரு சாண் அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சாய்வில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம், அதாவது ஏறும்போது முன்பக்கமாகவும் இறங்கும்போது பின்பக்கமாகவும் ஓட்ட வேண்டும். மெசின் கவிழப் போகிறது என்றால் குதிக்கக் கூடாது, குதிப்பவர் மேல்தான் சாரதியின் தலைக்கு மேலிருக்கும் கூரைக் கம்பி விழும். பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். மூட்டை அடுக்கும் பலகையில் ஆளை ஏற்றி மேல் மூட்டையை எடுக்கச் சொல்லும் வேலை வேண்டவே வேண்டாம்.

அப்புறம் சாவி. நண்பகல் லுஹர் தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ சாரதி போகும்போது இரும்புக் கைகளைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போக வேண்டும். "நானா, ஒரு பலகைதான், நான் நகர்த்திவிடுறன்" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, லொறி அரை மணித்தியாலம் நிற்கட்டும்.