இமாச்சலில் சொகுசு வீடு: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்லா, கசௌலி, மணாலிப் பக்கம் சொகுசு வீடு வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது சன்னலுக்கு வெளியே தெரியும் மலையை. கடைசியில் பார்ப்பது நிலத்தின் பதிவேட்டை. பணம் போவது இந்த வரிசையால்தான்.

இமாச்சலப் பிரதேசத்தின் 1972ஆம் ஆண்டு குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, மாநில அரசின் அனுமதியின்றி விவசாயி அல்லாதவருக்கு நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. விவசாயி என்று அந்தச் சட்டம் சொல்வது இமாச்சலத்திலேயே நிலம் வைத்துப் பயிரிடுபவரை மட்டுமே. ஆகவே தஞ்சாவூரில் பத்து ஏக்கர் நன்செய் வைத்திருப்பவரும் அங்கே விவசாயி ஆகமாட்டார்; சிம்லாவில் பிறந்து வளர்ந்த வணிகர்கூடச் சொந்தமாக விளைநிலம் இல்லையென்றால் அதே அனுமதிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். குடியிருக்க வீடு கட்டுவதற்கென்று அனுமதி கிடைத்தாலும், நிலத்தின் உச்சவரம்பு 500 சதுர மீட்டர்.

இதைச் சுற்றிப்போகத் தரகர்கள் சொல்லும் வழி எப்போதும் ஒன்றுதான்: உள்ளூர் விவசாயி ஒருவர் பெயரில் நிலத்தை வாங்கிக்கொண்டு, அவரிடமிருந்து பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வது. சட்டம் இயற்றியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. பினாமி ஏற்பாட்டையும், விவசாயி அல்லாதவரின் அனுபவத்தில் நிலத்தை விடும் நோக்கத்தோடு எழுதப்படும் அதிகாரப் பத்திரத்தையும் அதே பிரிவு நிலமாற்றமாகவே கருதுகிறது. மீறல் நிரூபணமானால் நிலம், அதன் மேல் எழுந்த கட்டடத்தோடு, அரசுக்குப் போய்ச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் வாங்கியவர் கையில் நேரான ஆவணம் எதுவும் இருக்காது.

வெளியூர்ப் பணத்தை விரட்டும் சட்டம் என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் மாநிலப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சட்டப்படி வனநிலம். எஞ்சியதில்தான் சிறு விவசாயிகளின் ஆப்பிள் தோட்டங்களும் வயல்களும் ஊர்களும் அடங்க வேண்டும். தில்லி, சண்டிகர் பணம் தடையின்றி உள்ளே வந்திருந்தால் கோட்கட், ரோஹ்ரு ஊர்களின் ஆப்பிள் தோட்டக்காரர்களின் கையில் நிலம் தங்கியிருக்காது என்றே நான் கருதுகிறேன். வாங்குபவர் மறந்துவிடுவது இதன் மறுபக்கத்தை: தனக்கு வாங்கக் கடினமாக இருந்த வீடு, விற்கும்போதும் கடினமாகவே இருக்கும். அடுத்து வாங்க வருபவரும் உள்ளூர் விவசாயியாகவோ அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பதால், பெருநகர அடுக்ககத்தைப் போல அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது மண்சரிவு. 2023 ஆகஸ்டில் சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் சரிந்த மண் சிவன் கோயிலை அடித்துச் சென்றது. அதே மாதம் குலு மாவட்டத்து ஆனியில் பல மாடிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்தன. கசௌலிக்குப் போவோர் நம்பியிருக்கும் பர்வாணூ–சோலன் நெடுஞ்சாலை சக்கி மோடு அருகே சரிந்து போக்குவரத்து நின்றது. மாநிலம் முழுவதும் நில அதிர்வு அபாயம் மிகுந்த மண்டலங்களில் இருப்பது தனிக் கவலை. 1905ஆம் ஆண்டின் காங்ரா நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். எனவே மே மாதத்து வெயிலில் வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுப்பது தவறு. சூலை, ஆகஸ்டு மழையில் போய், வீட்டின் பின்புறத் தாங்குசுவரைப் பார்க்க வேண்டும். சுவரில் நீர் வடிவதற்கான துளைகள் உள்ளனவா, அவற்றிலிருந்து தெளிந்த நீர் வருகிறதா அல்லது சேறு கலந்து வருகிறதா, மேலே உள்ள தேவதாரு மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா என்பவை, விற்பவர் காட்டும் இத்தாலியப் பளிங்குத் தரையைவிட அதிகம் சொல்லும். வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிச் சமப்படுத்திய மனையா என்பதைத் தனியாகப் பொறியாளர் ஒருவரை வைத்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

தண்ணீரைப் பற்றிக் கேட்காதவர்களும் பலர். 2018 கோடையில் சிம்லா நகரமே குழாய் நீரின்றித் தவித்தது. பள்ளத்தாக்கிலிருந்து நீரை மேலேற்றியே அந்நகர் வாழ்கிறது. உயரமான முகட்டில், தனிமையில் நிற்கும் வீட்டுக்கு விலை அதிகம். தண்ணீர் பெரும்பாலும் லாரியில்தான் வரும்.

குடியிருக்கவென்று அனுமதி பெற்ற வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டுக் கடன் தவணையை அடைக்கலாம் என்பதும் பிசகான திட்டம். எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்ததோ அதற்கு மட்டுமே நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது 118ஆம் பிரிவின் நிபந்தனை. மீறினால் இங்கும் நிலம் பறிபோகலாம். சட்டம் இடம் கொடுத்தாலும், மே, சூன் கூட்டத்தை வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிடக் கூடாது. மழை தொடங்கியதும் அந்தச் சாலைகளில் பயணிகள் குறைந்து, ஆப்பிள் லாரிகளே மிகுந்திருக்கும்.

இமாச்சலில் முடியவில்லையென்று உத்தரகண்டுக்குத் திரும்புவோர், அங்கும் நகராட்சி எல்லைக்கு வெளியே வெளிமாநிலத்தவர் வீட்டுக்கென வாங்கக்கூடியது 250 சதுர மீட்டர்தான் என்பதையும், குடும்பத்தினர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதை அரசு இப்போது குறிவைத்துத் தடுக்கிறது என்பதையும் அறிந்துகொண்டே புறப்பட வேண்டும்.