கியோட்டோவில் தனியாக ஓர் இலையுதிர்கால நடை: ஹெயான் ஜிங்கு தோட்டத்தை முதல்முறை சுற்றிப் பார்ப்பது எப்படி

நவம்பரில் கியோட்டோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தோஃபுகு-ஜி, எய்கான்-தோ என்று சிவப்பு மேப்பிளுக்குப் பேர்போன புத்தக் கோயில்களைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறார்கள். அவற்றின் அழகில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் கூட்டமே உங்களை நகர்த்திக்கொண்டு போகும். பிடித்த மரத்தடியில் நாலு நிமிடம் நிற்க முடியாது. தனியாக, முதல் தடவையாகப் போகிறவருக்கு நான் சொல்வது ஹெயான் ஜிங்கு என்ற ஷின்டோ (ஜப்பானின் மரபு மதம்) ஆலயத்தின் தோட்டம். செர்ரி பூக்கும் ஏப்ரலில்தான் இங்கே கூட்டம் நெரியும். இலையுதிர்காலத்தில் தாராளமாக நடக்கலாம். நான்கு பகுதிகளாக, குளங்களைச் சுற்றி அமைந்த தோட்டம் இது. நீரோடு சேர்ந்து நடந்தால் போதும், வழி தப்பாது.

முதல் படி: நாளும் நேரமும்

கியோட்டோ நகருக்குள் மேப்பிள் நன்றாகச் சிவப்பது நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இரவுக் குளிர் இறங்கி, பகலில் வெயில் அடித்தால்தான் நிறம் ஏறும். அதனால் ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் முன்பின்னாகும். அக்டோபர் 22 அன்று இந்த ஆலயத்தின் ஜிதாய் மட்சுரி திருவிழா. பழங்கால உடைகளில் நீளமான ஊர்வலம் வரும். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் தனிமை தேடிப் போகிற நாள் அது அல்ல, இலையும் அப்போது பச்சையாகத்தான் இருக்கும்.

வார நாளில், காலை 8.30-க்குத் திறந்ததும் போய்விடுங்கள். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், தோட்டத்தை அதற்கும் முன்னால் மூடிவிடுவார்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் நுழைந்தால் அவசர அவசரமாக ஓட வேண்டியிருக்கும். சுற்றி வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: போகும் வழியும் பையும்

கியோட்டோ நிலையத்தில் கராசுமா சுரங்க ரயிலில் ஏறி, கராசுமா ஓய்கேயில் தோசாய் பாதைக்கு மாறி, ஹிகாஷியாமாவில் இறங்கினால் பத்து நிமிட நடை. காலையில் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும், மதியம் வெயிலில் இளஞ்சூடு. அதனால் ஒரே கனமான கோட்டைவிட, கழற்றிப் பையில் திணிக்க முடிகிற இரண்டு மெல்லிய உடைகள் நல்லது. முற்றம் முழுக்க வெள்ளை மணலும் சரளையும். காலைப் பிடித்து நிற்கும் ஷூ போடுங்கள். சில்லறைக் காசு, குப்பையைப் போட்டுக்கொள்ள ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். ஜப்பானில் பொது இடத்தில் குப்பைத்தொட்டி கிடைப்பது அபூர்வம்.

மூன்றாவது படி: முதலில் ஆலயம், அப்புறம் தோட்டம்

தெருவின் குறுக்கே 24 மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புத் தோரீ வாயில் நிற்கும். அதைத் தாண்டி நேரே போனால் ஆலய வாசல். நுழையும்போது லேசாகத் தலை குனிந்துவிட்டு, பாதையின் ஓரமாக நடப்பது வழக்கம், நடுப்பாதை தெய்வத்துக்கு.

அடுத்து நீர்த்தொட்டி. அகப்பையை வலது கையில் எடுத்து இடது கையைக் கழுவுங்கள். மாற்றிப் பிடித்து வலது கை. மறுபடி வலது கையில் பிடித்து, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. பிறகு இடது கையை இன்னொரு முறை கழுவி, மிச்ச நீர் காம்பு வழியாக வடியும்படி அகப்பையை நிமிர்த்திப் பிடித்துவிட்டு வைத்துவிடுங்கள். ஒரே அகப்பை நீரில் இத்தனையும் முடிய வேண்டும். அகப்பை இல்லாமல் நீர் தானாக விழும்படி வைத்திருந்தால் கையை நீட்டிக் கழுவினால் போதும்.

சன்னிதியில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒரு முறை குனியுங்கள். கியோட்டோவைத் தலைநகராக்கிய கன்மு பேரரசர்தான் இங்கே தெய்வம். 794-இல் தலைநகர் அமைந்ததன் 1,100-ஆவது ஆண்டைக் கொண்டாட 1895-இல் கட்டிய ஆலயம் இது. 1940-இல் கோமேய் பேரரசரையும் சேர்த்தார்கள்.

நவம்பரில் மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைக் கிமோனோ உடுத்தி ஆசிக்கு அழைத்து வருவார்கள். கையில் நீளமான மிட்டாய்ப் பையோடு அவர்கள் நடப்பதைப் பார்க்க அவ்வளவு அழகு! படம் எடுக்க ஆசை வந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

நான்காவது படி: தெற்குத் தோட்டத்தில் தங்க வேண்டாம், ட்ராமைத் தவிர

பிரதான மண்டபத்துக்கு இடப்பக்கம் தோட்டத்தின் நுழைவாயில். கட்டணம் 600 யென். முதலில் வருவது தெற்குத் தோட்டம். மூங்கில் பந்தலில் தாங்கி நிறுத்திய செர்ரி மரங்கள் நவம்பர் கடைசியில் பெரும்பாலும் வெறுங்கிளையாக இருக்கும். ஆனால் ஓரத்தில் ஒரு பழைய ட்ராம் வண்டி நிற்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஜப்பானிலேயே முதன்முதலில் வணிக முறையில் பயணிகளை ஏற்றிய மின்சார ட்ராம் ஓடியது இந்த ஊரில்தான், 1895-இல். பிவா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டி 1890-இல் நீரைக் கொண்டுவந்தார்கள். அந்த நீரில் எடுத்த மின்சாரம்தான் ட்ராமை ஓட்டியது. இனி நீங்கள் பார்க்கப்போகிற குளங்களுக்கும் அதே கால்வாய்தான் நீர் கொடுத்தது.

ஐந்தாவது படி: குளத்தோடு நடப்பது

மேற்குத் தோட்டத்தில் பியாக்கோ குளம். ஜூனில் ஐரிஸ் பூக்கும் இடம், இப்போது அமைதி. இங்கிருந்து வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். தோட்டத்தை அமைத்த ஏழாம் ஓகாவா ஜிஹேய் இருபது ஆண்டுக்கு மேல் இதில் உழைத்தவர். ஓடும் நீரின் சத்தத்தையும் வளைவையும் வைத்தே தோட்டம் கட்டியவர். பாதை வளைகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, மரத்தைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பாருங்கள். மேலே இருக்கும் மேப்பிளைவிட நீரில் விழும் அதன் நிழல்தான் பல இடங்களில் தெளிவாகத் தெரியும். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும் பக்கமாக நின்றால் சிவப்பு எரியும். வெயில் உங்கள் முதுகில் இருந்தால் அதே இலை மங்கிப்போகும். புதிதாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு என்னிடம் இல்லை.

நடுத் தோட்டத்தில் சோர்யூ குளம். அதன் குறுக்கே வட்ட வட்டக் கற்கள் வளைந்து போகும்: கார்யூ-க்யோ, படுத்திருக்கும் டிராகன் பாலம். ஜப்பானை ஒன்றிணைத்த ஆட்சியாளர் டொயொடோமி ஹிதெயோஷி பதினாறாம் நூற்றாண்டில் கியோட்டோவில் கட்டிய சன்ஜோ, கோஜோ பாலங்களின் கல்தூண்கள் இவை. ஜிஹேய் அவற்றை நீருக்குள் நிறுத்திப் படிக்கல் ஆக்கினார். ஆட்கள் காலடி பட்டு மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், மழைக்குப் பின் வழுக்கும். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, பையை முதுகுக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு காலும் ஒரு கல்லில் நின்ற பிறகு அடுத்த கல்லுக்குப் போங்கள். எதிரே ஆள் வந்தால் கரையிலேயே காத்திருங்கள். நடுவில் நின்று குனிந்தால், காற்றில்லாத காலையில் காலடியில் மேகம் ஓடும்.

குளங்களின் மீனையும் கவனியுங்கள். பெரிய கோய் மீன்கள் தானே வந்து நிற்கும். ஆனால் பிவா ஏரியில் அற்றுப்போன இச்சிமோன்ஜி தனாகோ என்ற விரல் நீளச் சிறு மீன், முன்பு கால்வாய் நீரோடு வந்து இங்கே பிழைத்திருக்கிறது. கண்ணில் படுவது கஷ்டம். ஆனாலும் அது இங்கே இருக்கிறது என்ற எண்ணத்தோடு பார்க்கும்போது குளமே வேறு மாதிரி தெரிகிறது.

ஆறாவது படி: உட்காருங்கள்

கிழக்குத் தோட்டத்தின் சேய்ஹோ குளத்தின் மேல் தைஹேய்-கக்கு என்ற கூரை போட்ட மரப்பாலம் நிற்கிறது. கியோட்டோ அரண்மனை வளாகத்திலிருந்து கொண்டுவந்தது. இருபுறமும் பலகை இருக்கைகள். தனியாக வந்ததன் பலன் முழுசாகக் கிடைப்பது இங்கேதான்: யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டியதில்லை. கிழக்கே குளத்துக்கு அப்பால் ஹிகாஷியாமா மலைகளும் தோட்டத்தின் பகுதிபோலவே சேர்ந்து தெரியும். அப்படிச் சேர்த்துத்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் அரை மணி நேரமாவது சும்மா உட்காருங்கள்.

வெளியே வந்த பிறகும் காலில் தெம்பு இருந்தால், தெற்கே கொஞ்ச தூரம் நடந்து முரின்-அன் போகலாம். ஜப்பானின் முன்னாள் பிரதமர் யமகத்தா அரிதோமோவின் மாளிகைக்காக ஜிஹேய் இதே கால்வாய் நீரில் செய்த தோட்டம் அது. இங்கே குளமாக நின்ற நீர் அங்கே புல்வெளிக்கு நடுவில் ஓடையாக ஓடும். கூட்டக் காலத்தில் முன்பதிவு கேட்பார்கள், முதல் நாள் இரவே பதிந்துவிடுங்கள்.