பாலிஸ்டிக் ஏவுகணையை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போது அல்சூரிலிருந்தும் சிவாஜி நகரிலிருந்தும் நம்மவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே பிரம்மோஸைக் காட்டி, "இதுவும் அக்னி மாதிரிதான்" என்று சொல்லிவிடாதீர்கள். பிரம்மோஸ் க்ரூஸ் ஏவுகணை. கடைசிவரை காற்று மண்டலத்துக்குள்ளேயே, இன்ஜின் ஓடிக்கொண்டே போகும்.

அக்னி-5 பாலிஸ்டிக் ஏவுகணை, அது அப்படியில்லை. பலரும் சறுக்கும் இடம் இதுதான்: இலக்கு வரை அது எரிந்துகொண்டே பறப்பதாக நினைக்கிறார்கள். அதன் மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் முதல் சில நிமிடங்களிலேயே எரிந்து கழன்றுவிடும். மிச்சமெல்லாம் கையை விட்ட கல்லின் பயணம். 5,000 கி.மீ. போக, கழலும் நொடியில் வினாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகம் வேண்டும், உச்சியில் ஏறத்தாழ 1,000 கி.மீ. உயரம். அந்த வேகத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் பிசகினாலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழும். அதனால்தான் திசையை உணர்ந்து வழிகாட்டும் கைரோ கருவிகளுக்கு இத்தனை உழைப்பு.

ஏவுகணையின் துல்லியத்தைச் சொல்லும் 'வட்டப் பிழை 100 மீட்டர்' என்றால், ஏவியதெல்லாம் இலக்கிலிருந்து 100 மீட்டருக்குள் விழும் என்று படிப்பதும் தவறு. பாதிதான் அதற்குள் விழும்.

அக்னியை இஸ்ரோ கணக்கில் எழுதுவது நம் ஊரில் சகஜம். 1989-இல் பறந்த முதல் அக்னியின் கீழடுக்கு இஸ்ரோவின் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டிலிருந்து வந்தது என்பதால் அந்தக் குழப்பம் புரிகிறது. ஆனால் அக்னி ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் படைப்பு.

'வந்தால் இடைமறித்துவிடலாம்' என்ற அசட்டையும் வேண்டாம். 2006 நவம்பரில் சோதனையில் நம் இடைமறிப்பு ஏவுகணை, எதிரி ஏவுகணைபோல் வந்த இலக்கைச் சுமார் 48 கி.மீ. உயரத்தில் அடித்தது, 2007 டிசம்பரில் இன்னொன்று 15 கி.மீ. உயரத்தில். சி.வி.ராமன் நகரில் உள்ள எல்.ஆர்.டி.இ. ரேடார் ஆய்வகம் உருவாக்கிய ஸ்வார்ட்ஃபிஷ் ரேடார் இந்தத் திட்டத்தின் கண். பெரிய சாதனைகள்தான். ஆனால் காற்றில்லாத வெளியில் கனமான வெடிமுனையும் ஏமாற்றுவதற்காகக் கூடவே விடும் லேசான போலி பலூனும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் வரும். எது எது என்று பிரிப்பதுதான் கடினம். காற்று மண்டலத்தில் நுழைந்ததும் பலூன் பின்தங்கிவிடும், ஆனால் அப்போது கையில் இருப்பது ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆகவே தடுப்பதை மட்டும் நம்பாமல், அடித்தால் திருப்பி அடிப்போம் என்ற அச்சத்தை எதிரியிடம் நிலைநிறுத்துவதே அக்னியின் வேலை. முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது 2003-இல் இந்தியா வெளியிட்ட கொள்கை. ஒவ்வொரு சோதனைச் செய்தியையும் போர் மிரட்டலாகப் பகிர்வதும் வேண்டாம்: 2005 ஒப்பந்தப்படி இந்தியாவும் பாகிஸ்தானும் பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையைக் குறைந்தது மூன்று நாள் முன்பே ஒன்றுக்கொன்று தெரிவித்துவிடுகின்றன.