சேலம் டு கோவை போறீங்களா? ராச்சாப்பாடு பள்ளிபாளையத்தில்

சேலத்திலிருந்து கோவைக்குக் காரில் போகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓட்டல்களையே நம்பாமல், சங்ககிரியில் பிரிந்து பள்ளிபாளையம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு, பெருந்துறை வழியாக மறுபடி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம், வந்த வழியே திரும்ப வேண்டாம். பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாப் பொடியைத் தேடாதீர்கள். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், இவைதான் மொத்த ருசியும் (தேங்காய் கம்மியாக இருந்தால் எனக்குக் கோபமே வரும்). கிரேவி இருக்காது, சோற்றுக்குக் குழம்பு தனியாகக் கேளுங்கள். நாட்டுக்கோழி வேக நேரமாகும், அதனால் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் மிளகாயைப் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள்.