பொலிகுதிரை சேர்க்கைக்கு முன் ஸ்வாப்: தவறும் இடங்கள்

குதிரைகளின் தொற்றுக் கருப்பை அழற்சி 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் முதலில் கண்டறியப்பட்டது. காரணம் டெய்லோரெல்லா ஈக்விஜெனிட்டாலிஸ் பாக்டீரியா. பொலிகுதிரையிடம் அறிகுறியே தெரியாது, ஆனால் சேரும் பெட்டைகளுக்குப் பரப்பிவிடக்கூடும். அதனால் இனச்சேர்க்கைப் பருவம் தொடங்கும் முன்பே ஸ்வாப் பரிசோதனை, அதாவது பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துப் பார்ப்பது.

பெட்டையில் கிளிட்டோரிஸ் குழியும் அதன் சிறு பைகளும், பொலியில் சிறுநீர்த் துளை, அதைச் சுற்றிய குழி, ஆணுறுப்பு உறை: ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்வாப். கரி கலந்த ஏமிஸ் ஊடகத்தில் (வழியில் கிருமியை உயிரோடு வைத்திருக்கும் பொருள்) வைத்து, குளிர்ச்சியாக, 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் கிருமி செத்து, நோயுள்ள குதிரைக்கும் 'இல்லை' என்றே முடிவு வரும். ஆபத்தே இதில்தான். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் கடைசி மருந்துக்குப் பின் குறைந்தது 7 நாள் விடுங்கள்.

குதிரைக்குக் குதிரை கையுறை மாற்றுங்கள். வாளி, ஸ்பாஞ்ச் பொதுவில் வேண்டாம். செயற்கைக் கருவூட்டலும் பாதுகாப்பல்ல, விந்து வழியாகவும் பரவும்.