ஃப்ரீபிஎஸ்டியில் படிக்கட்டாக வந்த அச்சு

அலுவலகப் பொதுப் பிரிண்டருக்கு ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்திலிருந்து அனுப்பிய வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிந்தன. விண்டோஸிலிருந்து ஒழுங்காக வந்தது. கேபிள், பிரிண்டர் நெட்வொர்க்கில் தரவு வாங்கும் 9100 போர்ட், பிரிண்டர் அமைப்புக் கோப்பான பிரிண்ட்கேப், எதிலும் கோளாறில்லை.

யூனிக்ஸ் வரி முடிவில் அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும் லைன்ஃபீட் மட்டுமே இருக்கும். இடது ஓரத்துக்குத் திரும்பச் சொல்லும் கேரேஜ் ரிட்டர்ன் கிடையாது. கோப்பு ஒவ்வொன்றையும் மாற்றி அனுப்புவது சரிப்படவில்லை.

கடைசியில் பிரிண்ட்கேப்பின் 'இஃப்' (உள்ளீட்டு ஃபில்டர்) வரியில் ஒரு சிறு ஷெல் ஃபில்டர், அதாவது அச்சுக்குப் போகும் உரை கடந்து செல்லும் ஸ்கிரிப்ட். முதலில் எஸ்கேப் குறி, '&', சின்ன கே, 2, பெரிய ஜி: லைன்ஃபீட் வந்தால் இடது ஓரத்துக்கும் திரும்பு என்று பிரிண்டருக்குச் சொல்வது இது; அப்புறம் உரையை அப்படியே அனுப்பும் 'கேட்' கட்டளை. இது பிசிஎல் என்ற அச்சுக் கட்டளை மொழி தெரிந்த பிரிண்டருக்குத்தான். அந்த ஜி பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும்: சின்னதானால் கட்டளை இன்னும் முடியவில்லை என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். இறுதியில் பக்கத்தை வெளியே தள்ள எஸ்கேப், '&', சின்ன எல், 0, பெரிய எச். இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் உள்ளேயே தங்கிவிடும். ஃபில்டருக்கு இயக்க அனுமதியும் கொடுங்கள்.