சுவருக்குள் புதைத்தால் பீம் ‘பிக்ஸ்டு’ ஆகிவிடாது

சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் நூல் மூட்டை அடுக்கப் பரண் போடுவதாக வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் இடைவெளிக்கு ஐ.எஸ்.எம்.பி. 200 (200 மி.மீ. உயர ‘ஐ’ வடிவ இரும்பு பீம்), இரு முனையும் 9 அங்குலச் செங்கல் சுவருக்குள், பாரம் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். இரு முனையும் ‘பிக்ஸ்டு’ (முனை துளியும் திரும்பாது) என்று கணக்குப் போட்டால் நடுவில் தொய்வு சுமார் 3.7 மி.மீ. ‘சிம்ப்ளி சப்போர்ட்டட்’ (முனை சும்மா உட்கார்ந்திருக்கும், தாராளமாகத் திரும்பும்) என்றால் சுமார் 18.5 மி.மீ. தொய்வுச் சூத்திரத்தில் கெழு 1/384 என்பது 5/384 ஆகிறது, அவ்வளவுதான். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 800 (2007) தரும் வரம்பு, இடைவெளியில் 300-ல் ஒரு பங்கு, அதாவது 16.7 மி.மீ. முதல் கணக்கில் பாஸ், இரண்டாவதில் பெயில்.

சுவரில் நடப்பது ஏறக்குறைய இரண்டாவதுதான். முனை திரும்பாமல் இருக்க 20.8 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். புதைந்த நீளத்தில் 15 செ.மீ.தான் நெம்புக்குக் கிடைக்கும் என்றால், பீமின் வாலை மேலிருந்து சுமார் 14 டன் அழுத்த வேண்டும். மேலே வெறும் ஷீட் போட்ட சுவரில் அந்த எடைக்கு எங்கே போவது?

இரும்புத் தூணிலும் இதே ஏமாற்றம் உண்டு. நடுத்தகட்டில் மட்டும் ஆங்கிள் வைத்து இரண்டு போல்ட் போட்டால் அது கீல். மேல், கீழ் பிளேஞ்சு (படுக்கைத் தகடு) இரண்டையும் பிடித்து, தூணும் வளையாத கனத்தில் இருந்தால்தான் ‘பிக்ஸ்டு’ என்று எழுதலாம். சந்தேகமா? தொய்வைச் சிம்ப்ளி சப்போர்ட்டட் என்றும், இணைப்பைப் பிக்ஸ்டு திருப்புவிசைக்கும் போட்டுப் பாருங்கள்.

கரிசல் மண்ணில் இன்னொரு கண்ணி. மேலே சொன்ன பீமே உண்மையாகப் பிக்ஸ்டு ஆக இருந்து, ஒரு தூண் மட்டும் 10 மி.மீ. இறங்கினால், முனைகளில் கூடுதலாகச் சுமார் 10.6 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புவிசை ஏறும். பாரத்தால் வருவதில் இது பாதி! சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் பேசாமல் சாய்ந்து நிற்கும். தாங்கல் இறங்காது என்ற அனுமானத்தை மண் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

தொய்வுச் சமன்பாட்டைக் கையால் தொகையிடும் மாணவர்கள் சிம்ப்ளி சப்போர்ட்டட் முனையில் சாய்வு பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே பூஜ்யம் தொய்வும் திருப்புவிசையும்; சாய்வு அங்கேதான் அதிகம். ஒற்றைப் பாரம் ஓரமாக இருந்தால் பெருந்தொய்வு பாரத்துக்கு நேர் கீழே வராது. பாரம் எவ்வளவு ஒதுங்கினாலும் பெருந்தொய்வு நடுவிலிருந்து இடைவெளியில் 8 சதவீதத்தைத் தாண்டி நகராது.

கடைசியாக ரோலர், அதாவது முனையை நீளவாக்கில் நகர விடும் தாங்கல். 20 மீட்டர் கர்டர் 30 டிகிரி சூடேறினால் 7 மி.மீ. நீளும். இரு முனையும் இறுகினால் சதுர மி.மீ.க்கு 72 நியூட்டன் வரை அழுத்தம் ஏறும். அதற்காகத்தான் ஒரு முனையில் நீள்துளை. ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டுங்க’ என்று வெல்டர் அங்கே ஒரு டேக் (சின்னப் பற்றவைப்பு) வைத்துவிட்டால் வரைபடத்து ரோலர் அன்றோடு சரி.